சிக்னல் விளக்கு யாருக்குச் சொந்தம்?

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. ஏழு மணிகூட ஆகவில்லை, ஆனாலும் சாலை இருட்டிவிட்டது.

எனக்கு முன்னால் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்விளக்கு எரியவில்லை. ஆனால் இடம், வலம் என இரண்டு பக்கமும் சிறு விளக்குகள் நீலம் கலந்த வெள்ளை நிறத்தில் வேகவேகமாக மின்னின. மழை வந்தால் எல்லா சிக்னல் விளக்குகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓட்டுவது நம் நாட்டில் பலருக்கும் பழக்கம். இவரும் அப்படித்தான் போட்டிருக்கிறார், மழைக்கு ஒதுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வண்டியின் வேகமும் குறைந்தது. எதிரே வாகனம் இல்லை. வலப்பக்கமாக அவரை முந்திச் செல்ல ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்.

அதே நொடியில் அந்த மோட்டார் வலப்பக்கம் திரும்பியது.

பிரேக்கை மிதித்தேன். கார் சறுக்கி நின்றது. என் காரின் முன்பக்கத்துக்கும் அந்தப் பையனின் முழங்காலுக்கும் இடையில் ஒரு முழ தூரம்கூட இல்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தியவனைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. என் அக்காவின் மகன். படிவம் ஐந்து மாணவன். ‘பி’ உரிமம் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது.

“மாமா, நான் வலது சிக்னல் போட்டேனே! மீட்டர்லகூட மின்னுச்சே!” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. வலது சிக்னலைத்தான் போட்டிருந்தான். ஆனால் பின்னால் வந்த எனக்கு அது வலது சிக்னலாகத் தெரியவில்லை. மாணவர்களே, இன்று உங்களோடு பேச நினைப்பது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான். உங்களில் பலர் மோட்டார் ஓட்டுகிறீர்கள். ஓட்டுபவர்களில் பலர் விளக்கு, சுவிட்ச், சிக்னல் ஆகியவற்றை உங்கள் விருப்பம்போல் மாற்றுகிறீர்கள். மாற்றக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. யாருக்காக அந்த விளக்கு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு மாற்றாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

திட்டுவதற்கு முன் பார்த்தது

அன்றிரவு அக்கா வீட்டில் பெரிய சத்தம். “படிக்கச் சொன்னா வயரைப் பிடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். இவன் எங்கே உருப்படப் போறான் தம்பி?” என்று அக்கா அழுதார். மோட்டாரை விற்றுவிட வேண்டும் என்றார் அத்தான்.

நான் பத்திரிகைக்கு வருவதற்கு முன் பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவன். அதனால் முதலில் வண்டியைப் பார்க்கலாம் என்று வாசலுக்குப் போனேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் செய்த வேலையை முழுவதும் பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வோர் இணைப்பையும் சால்டர் வைத்திருந்தான். அதன்மேல் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருந்தான். வயர்களை ஹேண்டில் திரும்பும்போது இழுபடாதவாறு தளர்வாக விட்டுக் கட்டியிருந்தான். இடக்கைப் பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் புதிய சுவிட்ச் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தான். எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். அவனுடையது ஹோண்டா. அதில் ஆரஞ்சு வயர் இடது சிக்னலுக்கு, வெளிர்நீலம் வலது சிக்னலுக்கு, சாம்பல் நிறம் ரிலேவிலிருந்து சுவிட்சுக்கு, பச்சை எர்த். எல்லாம் சரியாக எழுதியிருந்தான்.

யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கை வேலையில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. பொருத்தியதை அவன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பின்னால் நின்று பார்க்கவில்லை.

“ரெண்டு பக்கமும் சேர்ந்து மின்னுறது உனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியும் மாமா. எல்.இ.டி. போட்டா எல்லாருக்கும் அப்படித்தான் ஆகுதுன்னு கூட்டாளிங்க சொன்னாங்க.”

எல்லாருக்கும் அப்படித்தான் ஆகிறது. உண்மைதான். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் அவர்களுடைய பள்ளிப் பையிலேயே இருந்தது.

படிவம் ஐந்து இயற்பியல் பாடம்

சிக்னல் ஏன் வேகமாக மின்னியது? முதலில் அதைப் பார்ப்போம்.

இத்தகைய மோட்டார்களில் பழைய சிக்னல் பல்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 வாட். ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக 20 வாட். பேட்டரி 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 20-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.67 ஆம்பியர்.

சிக்னலை மின்ன வைப்பது ஃபிளாஷர் ரிலே என்ற சின்னப் பெட்டி. பழைய வகை ரிலே, தன் வழியாகப் பாயும் மின்னோட்டத்தின் அளவைக் கொண்டே தாளம் போடுகிறது. ஒரு பல்பு கருகிவிட்டால் மின்னோட்டம் பாதியாகும், தாளம் மாறும். அதைப் பார்த்து ஓட்டுநர் பல்பு போய்விட்டது என்று தெரிந்துகொள்வார். அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் செய்து வைத்த எளிய எச்சரிக்கை அது.

என் அக்கா மகன் பொருத்திய எல்.இ.டி. ஒவ்வொன்றும் 1.5 வாட்தான். இரண்டும் சேர்ந்து 3 வாட். மின்னோட்டம் 0.25 ஆம்பியர். ஒரு பல்பு கருகியபோது இருப்பதைவிடவும் குறைவு. ரிலே என்ன நினைக்கும்? பல்புகள் போய்விட்டன என்று நினைத்து அவசரத் தாளம் போடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பள்ளியில் நீங்கள் பெரிந்தாங் என்று படிக்கும் மின்தடையை எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பில் பொருத்துவது. பழைய பல்பைப் போலவே 10 வாட் இழுக்க வேண்டுமானால், வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 144-ஐ 10-ஆல் வகுத்தால் 14.4 ஓம். இது வேலை செய்யும். ஆனால் அந்த மின்தடை கையில் தொட முடியாத அளவுக்குச் சுடும். பிளாஸ்டிக் மூடிக்குப் பக்கத்தில் கட்டினால் மூடி உருகும். எல்.இ.டி. மூலம் மிச்சப்படுத்திய மின்சாரத்தையும் சூடாக வீணடிக்கிறோம். மற்றொரு வழி, மின்னோட்டத்தைப் பொறுத்துத் தாளம் மாறாத மின்னணு ரிலேவை வாங்கி மாட்டுவது. இதுதான் நல்ல வழி.

அடுத்தது முக்கியமானது. நான்கு விளக்குகளும் ஏன் சேர்ந்து மின்னின?

அவனுடைய வண்டியின் மீட்டரில் சிக்னலுக்கு ஒரே ஒரு சிறு விளக்குதான் உண்டு. இடது போட்டாலும் வலது போட்டாலும் அதுவே மின்னும். அந்த விளக்கின் ஒரு கால் இடது வயரிலும் மறுகால் வலது வயரிலும் இணைந்திருக்கிறது. வலது சிக்னல் போட்டால், மின்சாரம் வலது வயரிலிருந்து மீட்டர் விளக்கைக் கடந்து, இடது பல்புகளின் இழை வழியாக எர்த்துக்குப் போய்ச் சேரும். இடது பல்புகள் அங்கே வெறும் பாதையாக மட்டுமே பயன்படுகின்றன. குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. அதனால் அவற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அவை எரியாது.

அந்த இடத்தில் எல்.இ.டி.யை வைத்தால் கதை மாறுகிறது. கொஞ்சம் மின்னோட்டம் கிடைத்தாலே எல்.இ.டி. எரிந்துவிடும். மறுபக்க விளக்குகள் சற்று மங்கலாக எரியலாம். ஆனால் மழையில், இருட்டில் பின்னால் வருபவருக்கு அந்த வேறுபாடு எங்கே தெரியப் போகிறது? எனக்குத் தெரியவில்லை.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மீட்டர் விளக்கையே கழற்றிவிடுவார்கள். நான்கும் மின்னுவது நின்றுவிடும். ஆனால் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் சிக்னல் காரில் இருப்பதைப் போல் தானாக அணையாது. மீட்டர் விளக்கும் இல்லையென்றால், போட்ட சிக்னலை அணைக்க மறந்து மூன்று சந்திப்புகளைக் கடந்துவிடுவோம். வலப்பக்கம் திரும்பப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நேராகப் போய்க்கொண்டிருப்போம். அதுவும் பொய்தான்.

சரியான வழிக்கு வேண்டியது இரண்டே டையோடு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பொருள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மீட்டர் விளக்கின் இரண்டு கால்களையும் பழைய இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும். ஒரு காலை எர்த்தில் இணைக்க வேண்டும். இடது வயரிலிருந்து ஒரு டையோடு, வலது வயரிலிருந்து ஒரு டையோடு, இரண்டின் கோடு போட்ட முனையும் மீட்டர் விளக்கின் மறுகாலைப் பார்த்து இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போட்டாலும் மீட்டர் விளக்கு மின்னும், ஆனால் மறுபக்கத்துக்கு மின்சாரம் தாண்டாது. இரண்டு டையோடுக்கும் சேர்த்து ஒரு ரிங்கிட்கூடச் செலவாகாது. அந்த ஒரு ரிங்கிட் இல்லாமல்தான் அன்று மாலை என் கையால் என் அக்கா மகன் போயிருப்பான்.

அணைக்கும் சுவிட்ச்

அவன் வைத்திருந்த புதிய பெட்டியில் மூன்று சுவிட்சுகள். அவற்றில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. அது முன்விளக்கை அணைப்பதற்கு. பின்விளக்கும் அதே வயரில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். பகலில் விளக்கு எதற்கு, பல்பும் பேட்டரியும் மிச்சமாகட்டும் என்று வைத்தானாம். அன்று மதியம் அணைத்தவன், மாலையில் போட மறந்துவிட்டான். பின்விளக்கு இருண்டிருந்ததன் காரணம் அதுதான்.

பகலிலும் மோட்டார் சைக்கிள் விளக்கு எரிய வேண்டும் என்பது நம் நாட்டில் 1992-இல் சட்டமானது. உங்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். பகலில் விளக்கா என்று அன்று சிரித்தவர்களும் உண்டு. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் அதன் விளைவை ஆராய்ந்து 1996-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மோட்டார் சைக்கிள் மற்றவர் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தன என்று அது சொன்னது. புதிய சாலை போடவில்லை, புதிய வண்டி வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த விளக்கைப் பகலிலும் எரியவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்று புதிய மோட்டார்களில் முன்விளக்கை அணைக்கச் சுவிட்ச் இருப்பதில்லை. எஞ்சினை முடுக்கினால் விளக்கும் எரியும். மறதியை மனிதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்படி எடுத்துவிட்ட மறதியை நாமே காசு கொடுத்து வாங்கி, வயர் இழுத்து, மறுபடியும் ஹேண்டிலில் பொருத்துகிறோம். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இதை அறிந்த பின்னும் அந்தச் சுவிட்ச் நமக்குத் தேவையா?

விதியில் உள்ள நியாயம்

சிக்னல் விளக்குக்கு ஏன் அம்பர் நிறம், நீலம் வைத்தால் அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மொழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாலையில் சிவப்பு என்றால் ‘இது வண்டியின் பின்பக்கம், நான் நிற்கிறேன்’ என்று பொருள். வெள்ளை என்றால் ‘இது வண்டியின் முன்பக்கம்’. மின்னும் அம்பர் என்றால் ‘நான் திரும்பப் போகிறேன்’. மின்னும் நீலம் காவல் துறை போன்றவற்றுக்கு உரியது. ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொண்டால் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது. ‘வா’ என்ற சொல்லுக்கு நான் ‘போ’ என்று பொருள் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் வண்டியின் அமைப்பையும் பயன்பாட்டையும் ஒழுங்குபடுத்துகின்றன. வாகனங்களுக்கான ஐக்கிய நாடுகள் சபை ஒப்பந்தத்திலும் மலேசியா 2006-இல் இணைந்தது. மோட்டார் சைக்கிள் விளக்குகளைப் பற்றிய அந்த ஒப்பந்தத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தால், ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நியாயம் இருப்பது புரியும்.

சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். அதைவிட மெதுவாக இருந்தால் பார்ப்பவர் அதைக் கவனிக்கும் முன் வண்டி திரும்பிவிடும். அதைவிட வேகமாக இருந்தால் மின்னுவதே தெரியாமல் நடுங்குவதுபோல் தோன்றும். முன் சிக்னல்கள் இரண்டுக்கும் இடையில் குறைந்தது 240 மில்லிமீட்டர், பின் சிக்னல்களுக்கு இடையில் குறைந்தது 180 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நம்பர் தட்டுக்கு மேலே ஒட்டி ஒட்டி வைத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இடது எது வலது எது என்று பிரித்துத் தெரியாது. வெளிப்பக்கமாக 80 டிகிரி கோணம் வரை விளக்கு கண்ணில் பட வேண்டும். மலிவான எல்.இ.டி. பல, நேர் பின்னால் நின்றால் கண்ணைக் கூசும், இரண்டடி விலகி நின்றால் காணாமல் போகும். உங்களை மோதப் போகிறவர் எப்போதும் நேர் பின்னாலேயே வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கடையில் வாங்கும்போது விளக்கின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் பெரிய ‘இ’ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருந்தால், அது இந்தச் சோதனைகளைக் கடந்து வந்தது என்று பொருள். அந்த முத்திரையையும் போலியாக அச்சிடுபவர்கள் உண்டு. எனவே முத்திரையைப் பார்ப்பதோடு, உச்சி வெயிலில் ஒருமுறை எரியவிட்டும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள். சம்மன் வந்த பிறகு கேட்பதைவிட அது மலிவு.

கூடுதல் விளக்குப் பொருத்துவோருக்கு

எஸ்டேட் சாலை, தெருவிளக்கில்லாத கம்பத்துச் சாலை ஆகியவற்றில் போவோர் கூடுதல் விளக்குப் பொருத்த விரும்புகிறார்கள். அனுமதியோடு செய்வதானால், சில கணக்குகளை முதலில் போடுங்கள்.

20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். மின்னோட்டம் ஏறக்குறைய 3.3 ஆம்பியர். கப்சாயின் பேட்டரி பல வண்டிகளில் 3.5 ஆம்பியர்-மணி அளவே உள்ளது. எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலியாகிவிடும்.

ஹேண்டிலில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாக இந்த மின்னோட்டம் முழுவதையும் விடாதீர்கள். சுவிட்சின் உள்ளே இருக்கும் முனைகள் சூடாகிக் கருகும். நடுவில் நான்கு கால் ரிலே ஒன்றை வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வயர் 30 என்று குறித்த காலுக்கு, விளக்குக்குப் போகும் வயர் 87-க்கு, சுவிட்சிலிருந்து வருவது 86-க்கு, எர்த் 85-க்கு. இப்போது சுவிட்ச் ரிலேவுக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும். சுமையைத் தூக்குவது ரிலே.

பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்துக்கு மிக அருகில் பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். 3.3 ஆம்பியர் விளக்குக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பியூஸ் போவது கோளாறு அல்ல. எங்கோ இருக்கும் கோளாற்றை அது சொல்கிறது. அதன் வாயை அடைத்தால், அடுத்து வயர் எரியும். அந்த வயர் பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

விளக்கைத் தாழ்த்திப் பொருத்துங்கள். எதிரில் வருபவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டால், உங்களுக்குப் பாதை தெரிந்து என்ன பயன்? அவருக்கு உங்களைத் தெரிய வேண்டாமா?

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல்

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா மகனும் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். செய்தவன் அவன்தான். நான் கணக்கு மட்டும் கேட்டேன். அணைக்கும் சுவிட்சை அவனே கழற்றினான். அம்பர் விளக்கு, மின்னணு ரிலே, இரண்டு டையோடு. மூன்று மணி நேரம் ஆனது.

இயற்பியலில் அவன் அரையாண்டுத் தேர்வில் தேறவில்லை. ஆனால் டையோடை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று அன்று எனக்கு விளக்கிச் சொன்னான். “இதைத்தான் சார் போர்ட்ல வரைஞ்சாரா மாமா?” என்று அவன் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவன் கையில் இருந்த வேலையும் பலகையில் இருந்த பாடமும் ஒன்றுதான் என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

நம் சமூகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். வயரைப் பிடுங்குகிறவன் உருப்படமாட்டான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். வயரைப் பிடுங்குவதை நிறுத்தச் சொல்கிறோம், ஒழுங்காக மாட்டக் கற்றுக்கொடுப்பதில்லை. அவனும் கூட்டாளிகளிடம் பாதி கற்கிறான். பாதி கற்ற வேலைதான் அன்று மாலை மழையில் என் காருக்கு முன்னால் வந்து நின்றது.

தொழில் திறனுக்கு இந்த நாட்டில் முறையான படிகள் இருக்கின்றன. தொழிற்கல்விக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளாக வழங்கப்படுகிறது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும், அதற்கும் மேல் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. எஸ்பிஎம் முடிவுக்குப் பிறகு அவசரமாகத் தேடாமல், இப்போதே விவரம் கேளுங்கள். அது படிக்காதவர்கள் போகும் இடம் என்ற எண்ணத்தை முதலில் நாம் விட வேண்டும். ஓம் விதி தெரியாமல் அங்கேயும் தேற முடியாது.

இந்த வாரம் செய்யவேண்டியது

கடைசியாக ஒன்று. இந்தச் சனி, ஞாயிறில் உங்கள் மோட்டாரை வீட்டு வாசலில் நிறுத்துங்கள். நண்பரையோ தங்கையையோ அதில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் இருபது அடி பின்னால் போய் முதுகைக் காட்டி நில்லுங்கள். அவர் இடது, வலது, பிரேக் என்று எதையாவது ஒன்றைப் போடட்டும். சட்டென்று திரும்பிப் பார்த்து, ஒரே நொடியில் என்ன போட்டார் என்று சொல்லுங்கள். நேர் பின்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் விலகி ஒருமுறை, நல்ல வெயிலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. ஒருமுறை தவறாகச் சொன்னாலும் அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சரி செய்யுங்கள்.

அக்கா மகனின் வண்டிக்கு இந்தச் சோதனையை வைத்தது என் அக்காதான். கையில் கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டு, “இடது… வலது… வலது… நிக்கிறே” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. அதன் பிறகு மோட்டாரை விற்கும் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

மோட்டார் உங்களுடையதாக இருக்கலாம். அதன் நிறம், இருக்கை, ஹேண்டில் எல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் சிக்னல் விளக்கை நீங்கள் பார்ப்பதே இல்லை. அதைப் பார்ப்பவர் பின்னால் வரும் லோரி ஓட்டுநர், எதிரில் வரும் பேருந்து ஓட்டுநர், சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பாட்டி. அந்த விளக்கு அவர்களுக்குச் சொந்தம். அவர்களுக்குப் புரியும்படி வைத்திருங்கள்.